உப்புத் தொட்டியில் ஏதோ சரியில்லையா? முதல் ரீஃப் டேங்குக்கான பிழை நீக்கும் வழிமுறை

ரீஃப் டேங்க், அதாவது கடல் மீனும் பவளமும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி வாங்கியாயிற்று, உப்பு கரைத்தாயிற்று, கல்லும் மணலும் போட்டு விளக்கும் எரிகிறது. ஆனால் ஏதோ ஒன்று படத்தில் பார்த்தது போல இல்லை. அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக எழுதியது இது. 100 முதல் 200 லிட்டர் கொள்ளளவு, உலர்ந்த கல், இரண்டு கோமாளி மீன்கள், சில நத்தைகள், கொஞ்சம் மென்பவளம், அதுவும் சென்னை மாதிரி வெக்கையான ஊரில் ஒரு ஃப்ளாட்டில். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

முதல் ஆறு மாதத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை மூன்றே இடங்களிலிருந்து வருகின்றன: நாம் ஊற்றிய தண்ணீர், அறையின் சூடு, நம் அவசரம். கடையில் ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு பாட்டில் இருக்கும். அவற்றில் முக்கால்வாசியை வாங்காமலே காலம் தள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, நான்கைந்து நாள் பொறுத்துப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரியவே தெரியாது. இதற்கு ஒரே விலக்கு, மீன் மூச்சுக்குத் திணறுவது. அதற்குக் காத்திருக்கக் கூடாது.

முதலில் அளவு, அப்புறம் யோசனை

எந்த அறிகுறியானாலும் ஐந்து எண்கள் கையில் இல்லாமல் எதையும் தொட வேண்டாம்: வெப்பநிலை, உப்பளவு, அமோனியா, நைட்ரேட், பாஸ்பேட். பவளம் இருந்தால் ஆறாவதாகக் காரத்தன்மை. கடைகளில் 'ஆல்க்' அல்லது 'கே.எச்.' என்பார்கள். வெப்பம் 25 முதல் 27 டிகிரி, உப்பளவு 35 பி.பி.டி., அதாவது ஆயிரத்தில் 35 பங்கு (ஒப்படர்த்திக் கணக்கில் 1.025–1.026), அமோனியா பூஜ்யம், நைட்ரேட் 2 முதல் 15 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம்., காரத்தன்மை அதற்கான அலகில் 7.5 முதல் 9 டி.கே.எச். இந்த எல்லைக்குள் இருந்தால் போதும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக இருந்தால் தொட்டி சுத்தம் என்று நினைக்காதீர்கள். அதனால் வரும் வினை கீழே இருக்கிறது.

கருவியே பொய் சொல்லலாம். உப்பளவு பார்க்கும், முள் ஆடும் ஹைட்ரோமீட்டரில் ஒரு சின்னக் குமிழி முள்ளில் ஒட்டினால் போதும், உப்பு அதிகம் என்று காட்டும். அதை நம்பி நல்ல தண்ணீரைச் சேர்த்து நீர்க்கவிட்டவர்கள் நிறையப் பேர். ஒளி விலகலை வைத்து உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினால் கூடவே 35 பி.பி.டி. அளவுத் திரவத்தையும் வாங்கி அதில் சரிபாருங்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் காட்டிவிட்டால் 35-லும் சரியாகக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட்டைப் பகல் வெளிச்சத்தில் படியுங்கள்; தொட்டியின் நீல விளக்கில் எல்லா நிறமும் ஒன்றுதான்.

தண்ணீர் பால் போல வெளுத்திருக்கிறது

எப்போது வெளுத்தது என்பதில்தான் விடை. மணல் போட்ட அன்று என்றால் அது மணல் தூசி. ஃபில்டர் பஞ்சைத் தினமும் அலசிப் போட்டால் ஓரிரு நாளில் அடங்கும்.

ஏதோ ஒன்றை ஊற்றிய கையோடு வெளுத்தது என்றால் கால்சியமும் காரமும் சேர்ந்து சுண்ணாம்பாக உறைந்திருக்கும். இரண்டு திரவத்தையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஊற்றினால் இது நடக்கும். புது உப்பு கரைக்கும்போதும் நடக்கும்: உப்பைக் கொட்டி வைத்து அதன் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. வாளியில் தண்ணீர் நிரப்பி, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். லிட்டருக்குச் சுமார் 38 கிராம். சொல்லத் தேவையில்லைதான், ஆனாலும் கேட்பவர்கள் இருக்கிறார்கள்: சமையல் கல்லுப்பு ஆகாது. கடல்நீரின் மெக்னீசியம், கால்சியம், காரம் எல்லாம் சேர்த்துத் தயாரித்த உப்புக்கலவைதான் வேண்டும்.

இரண்டும் இல்லை, சும்மா இருந்த தண்ணீர் வெளுத்தது என்றால் அது பாக்டீரியாப் பெருக்கம். உணவு அதிகமாகியிருக்கும், அல்லது கல்லுக்குப் பின்னால் ஏதோ செத்துக் கிடக்கும். தேடி எடுங்கள். இரண்டு நாள் சாப்பாட்டை நிறுத்துங்கள். வேவ் மேக்கரை (நீரோட்டம் உண்டாக்கும் சின்ன பம்ப்) மேல்நோக்கித் திருப்பி நீர்ப்பரப்பு அலையும்படி செய்யுங்கள், ஏனென்றால் இந்தப் பாக்டீரியா ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். தண்ணீர் தானாகத் தெளியும்.

அமோனியா இறங்கவே மாட்டேன் என்கிறது

மீன் இன்னும் விடவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. உலர்ந்த கல்லில் தொடங்கிய தொட்டி பழக 4 முதல் 6 வாரம் ஆவது வழக்கம். அமோனியாவை நைட்ரைட்டாக ஒரு பாக்டீரியா மாற்றும், அதை நைட்ரேட்டாக இன்னொன்று மாற்றும். இரண்டும் கல்லில் குடியேற நேரம் வேண்டும். அம்மோனியம் குளோரைடு சேர்த்து 2 பி.பி.எம். அளவுக்குக் கொண்டுவந்து, அது 24 மணி நேரத்தில் பூஜ்யமானால் தொட்டி தயார். 5 பி.பி.எம்.-ஐத் தாண்டி ஊற்றிவிட்டால் அந்தப் பாக்டீரியாவே திணறும். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுக் காத்திருங்கள்.

நஞ்சைக் கட்டிப்போடும் கண்டிஷனர் ஊற்றியிருந்தால், கட்டுண்ட அமோனியாவையும் சேர்த்தே பல கிட்கள் காட்டும். பாட்டில் வேலை செய்யவில்லை என்று மறுபடி ஊற்ற வேண்டாம். நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் கிட்டும் கூடுதலாகக் காட்டும். 100 என்று பார்த்துப் பதற வேண்டாம். கடல்நீரில் குளோரைடு ஏராளமாக இருப்பதால் நைட்ரைட் மீனை அவ்வளவாகப் பாதிக்காது. நன்னீர்த் தொட்டி வைத்திருந்தவர்கள் இதில்தான் வீணாகக் கவலைப்படுவார்கள்.

அமோனியாவோ நேர் எதிர். பி.எச். 8.2 உள்ள நீரில் அதன் நச்சுப் பங்கு பல மடங்கு அதிகம். நன்னீர் மீன் தாங்கிய அதே எண் இங்கே கொல்லும். ஏற்கெனவே மீன் இருந்து அமோனியா தெரிந்தால், உப்பும் வெப்பமும் சமமாக்கிய புதுத் தண்ணீரால் அன்றே மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். சில கடைகளில் 'ஒரு டாம்சல் மீன் விட்டுப் பழக்குங்க சார்' என்பார்கள். வேண்டாம். மீனுக்கும் கொடுமை, பிழைத்தால் அந்த டாம்சல் பின்னால் வருகிற எல்லா மீனையும் துரத்தும். அதைப் பிடிக்கக் கல் மொத்தத்தையும் கலைக்க வேண்டியிருக்கும்.

மணலும் கல்லும் பழுப்பாகிவிட்டன

இங்கேதான் அதிகம் பேர் தப்பான சிகிச்சை செய்கிறார்கள். பழுப்பு, செம்பழுப்பு என்று மூன்று ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கான மருந்து இன்னொருவருக்குத் தீனி.

தொட்டி தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள், மாவு தூவியது போல, கையால் அசைத்தால் புகையாக எழுந்து போகிற பழுப்பு என்றால் டயாட்டம் என்ற நுண்பாசி. புது மணலிலும் தண்ணீரிலும் உள்ள சிலிக்காவைத் தின்று வளர்வது. அது தீர்ந்ததும் போய்விடும். நத்தைகளுக்கு நல்ல சாப்பாடு. ஒன்றும் செய்ய வேண்டாம்.

செம்பழுப்பு அல்லது அரக்கு நிறத்தில், தோல் போலப் படர்ந்து, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஏடு ஏடாக உரிந்து வந்தால் சயனோ, அதாவது நீலப்பச்சைப் பாசி. பெயர்தான் பாசி, ஆள் பாக்டீரியா. நீரோட்டம் படாத மூலைகளில் பிடிக்கும். குழாய் போட்டு உறிஞ்சி எடுங்கள், வேவ் மேக்கரின் கோணத்தை மாற்றுங்கள், தின்னாமல் மிஞ்சும் உணவைக் குறையுங்கள். எரித்ரோமைசின் மாத்திரை போட்டால் ஒரே வாரத்தில் போகும் என்று யாராவது சொல்வார்கள், போகும். கூடவே செத்துக் கரைவதால் ஆக்சிஜனும் இறங்கும், காரணம் அப்படியே இருப்பதால் சயனோவும் திரும்பும். எனக்கு அது கடைசி வழி.

மூன்றாவது டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்). பழுப்புச் சளி போலத் தொங்கும், நுனியில் குமிழி இருக்கும். காலையில் குறைவாகத் தெரியும், விளக்கு எரிய எரியக் கூடும், இரவில் மறுபடி மறையும். நத்தைகள் காரணமில்லாமல் சாகும். சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய சோதனை: அந்தச் சளியைக் கொஞ்சம் தொட்டி நீரோடு பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். மறுபடி நூல் நூலாகத் திரண்டால் டைனோதான்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தில் நிற்கும் தொட்டியில்தான் டைனோ கொழிக்கும். அழுக்கு என்று நினைத்துத் தண்ணீரை மாற்ற மாற்ற, பாஸ்பேட் உறிஞ்சியைப் போடப் போட, அதற்குப் போட்டியாக வளர வேண்டிய நல்ல பாசியும் பாக்டீரியாவும் பட்டினி கிடக்கும். ஆகவே உறிஞ்சியை எடுத்துவிடுங்கள், தண்ணீர் மாற்றுவதைச் சில வாரம் நிறுத்துங்கள், மீனுக்கு ஒரு வேளை கூடுதலாகப் போடுங்கள். நைட்ரேட் 5–10, பாஸ்பேட் 0.05–0.1 என்று ஏறி நிற்க வேண்டும். இரவில் நீரில் மிதக்கும் வகை என்றால் யு.வி. விளக்கு நன்றாகவே உதவும். மணலிலேயே ஒளியும் வகைக்கு உதவாது. வாரக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டு நடுவில் வழியை மாற்ற வேண்டாம்.

பச்சை முடிப் பாசி கல்லை மூடுகிறது

கிட் பாஸ்பேட் பூஜ்யம் என்கிறது, பாசியோ தழைக்கிறது. முரண்பாடு ஒன்றுமில்லை; வருகிற பாஸ்பேட்டைப் பாசி உடனுக்குடன் தின்றுவிடுகிறது. உலர்ந்த கல்லிலிருந்தே மாதக்கணக்கில் பாஸ்பேட் கசியலாம். கையால் பிடுங்குவதுதான் முதல் வேலை. கல்லை வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் உள்ள வாளியில் வைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். டர்போ, ட்ரோக்கஸ் நத்தைகளைக் கூட்டுங்கள். சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) இருந்தால் அதில் ஒரு கைப்பிடி கீட்டோ பாசி வளர்க்கலாம், இந்தப் பாசிக்கு அது போட்டி.

ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: நீங்கள் ஊற்றுகிற தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு? 'ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறேன்' என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ப்யூரிஃபையர்கள் பலவற்றில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு திருகு உண்டு. சுவைக்காகக் கொஞ்சம் மூலத் தண்ணீரையோ தாதுக்களையோ கலந்து விடும் ஏற்பாடு அது. போர்வெல்லில் 1200 இருந்தால் குழாயில் 80, 100 என்று வரும். குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. அந்த வழியை முழுதும் மூடி, கடைசியில், மிஞ்சிய உப்பையும் பிடித்துவிடும் டி.ஐ. ரெசின் குப்பி ஒன்றை மாட்டினால் மீட்டர் 0 காட்டும். 2-ஐத் தாண்டியதும் ரெசினை மாற்றுங்கள். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், அதை டி.டி.எஸ். மீட்டர் கண்டுபிடிக்காது. கார்பன் ஃபில்டரைக் காலத்தில் மாற்றுவதுதான் பாதுகாப்பு. லாரித் தண்ணீர் வரும் வீட்டில் ஒவ்வொரு லோடும் வேறு கிணறு, ஆகவே வாராவாரம் மீட்டரைப் போட்டுப் பாருங்கள்.

கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறது, கேனில் பிடித்து வந்தால் என்ன என்று கேட்பீர்கள். கரையோரத் தண்ணீரில் சாக்கடை கலப்பு ஒருபுறம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆறுகள் வந்து சேர்வதால் வங்கக் கடலோர உப்பளவே நன்றாகக் குறைந்துவிடும் என்பது மறுபுறம். உப்பு வாங்குவது விலைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே தண்ணீர்.

தெர்மாமீட்டர் 30-ஐத் தாண்டுகிறது

இந்த ஊர்களில் இதுதான் பெரிய எதிரி. புத்தகங்களில் வருவது போல ஹீட்டர் நமக்குக் கவலையே இல்லை. 29 வரை பெரும்பாலான மென்பவளங்கள் தாங்கும். 31, 32 என்று நாள்கணக்கில் நின்றால் பவளம் தன் திசுவுக்குள் வைத்திருக்கும் நுண்பாசியை வெளியேற்றி வெளுக்கத் தொடங்கும். 2 டிகிரி கூடினாலும் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும்.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மூடி போட்டிருந்தால் எடுத்துவிட்டு வலை போடுங்கள். தண்ணீருக்குள் ஓடும் பெரிய பம்ப் ஒரு சின்ன ஹீட்டர்தான். விளக்கை மதியம் எரிக்காமல் மாலை 4 மணிக்குப் போட்டு இரவு 12-க்கு அணையுங்கள். நீர்ப்பரப்பின் மேல் ஒரு மின்விசிறியைச் சாய்த்து வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். காற்றில் ஈரப்பதம் கூடுதலான நாட்களில் அந்த அளவுக்கு இறங்காது. அதற்கு மேல் வேண்டுமென்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர். விலை தொட்டியையே தாண்டலாம். ஆனால் கத்திரி வெயிலில் 32-க்குப் போகும் அறை என்றால் பவளம் வாங்கும் காசை முதலில் சில்லருக்கு ஒதுக்குங்கள் என்பேன்.

ஏ.சி. அறையில் வைத்திருந்தால் வேறு தொல்லை. இரவு 24, பகலில் ஆள் இல்லாமல் 31. இப்படித் தினமும் ஆடுவது, ஒரே சீராக 29-ல் நிற்பதைவிட மோசம். ஹீட்டரை 26-ல் வைத்தால் கீழே இறங்காது. மேலே ஏறாமல் இருக்க விசிறி.

விசிறி போட்டால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 150 லிட்டரில் தினம் 3 லிட்டர் போனால் ஐந்து நாளில் 35 என்பது 38-ஐத் தாண்டிவிடும். குறைந்ததை நிரப்ப வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ.–டி.ஐ. தண்ணீர், உப்புத் தண்ணீர் அல்ல. தினமும், அல்லது மிதவை வைத்த ஏ.டி.ஓ. (தானாக நீர் நிரப்பும் கருவி) மூலம். 'என்ன செய்தும் உப்பளவு ஏறிக்கொண்டே போகிறது' என்ற புகாருக்கு நூற்றுக்குத் தொண்ணூறு விடை இதுதான்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு விடுகிறது

நிற்காமல் செய்யுங்கள்: ஏர் பம்ப் போடுங்கள், வேவ் மேக்கரை மேல்நோக்கித் திருப்புங்கள், அமோனியா பாருங்கள், வெப்பம் பாருங்கள். எல்லா மீனும் ஒன்றாக மேலே வந்தால் குறை தண்ணீரில். ஒரே ஒரு மீன் என்றால் அந்த மீனுக்கு நோய்.

உடம்பில் உப்புப் பரல் போல எண்ணக்கூடிய வெள்ளைப் புள்ளிகள், மீன் சாப்பிடுகிறது, கல்லில் உரசுகிறது: கடல் இக் என்ற ஒட்டுண்ணி நோய். நான்கைந்து நாளில் புள்ளிகள் காணாமல் போகும். குணமாகிவிட்டது, பூண்டுச் சாறு வேலை செய்தது என்று சந்தோஷப்படுவோம். ஒட்டுண்ணி உதிர்ந்து மணலில் கூடு கட்டிப் பெருகிக்கொண்டிருக்கிறது. அடுத்த சுற்றில் இன்னும் கூடுதலாக வரும்.

தங்கப் பொடி தூவியது போல மிக நுண்ணிய படலம், வேகமான மூச்சு, வெளிச்சத்தைத் தவிர்ப்பது, பம்ப்பின் ஓட்டத்துக்குள் போய் நிற்பது: வெல்வெட் நோய். இது நாட்களைத் தராது. இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகும். கோமாளி மீனின் தோல் சளி சளியாக உரிந்தால் ப்ரூக்ளினெல்லா. அதற்குக் காப்பர் (செம்பு) மருந்து பயன்படாது. தனித் தொட்டியில் ஃபார்மலின் குளியல் கொடுக்க வேண்டும், தெரிந்தவர் உதவியோடு.

இக், வெல்வெட் இரண்டுக்கும் காப்பர் வேலை செய்யும், ஆனால் ரீஃப் தொட்டியில் ஒரு சொட்டுக்கூட விடக் கூடாது. நத்தை, இறால், பவளம் எல்லாம் போய்விடும், கல்லிலும் தங்கிவிடும். எல்லா மீனையும் வேறொரு தொட்டிக்கு மாற்றுங்கள்: 40 லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். மருந்து உறையில் சொன்ன அளவைக் காப்பர் கிட்டால் அளந்து ஒரு மாதம் காக்க வேண்டும். பெரிய தொட்டியிலோ அதைவிட நீண்ட காலம் மீனே இருக்கக் கூடாது. பொழுதுபோக்காளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு 76 நாள். நீளம்தான். புது மீனைத் தொடக்கத்திலேயே அந்த டப்பில் சில வாரம் வைத்திருந்தால் இந்த 76 நாள் வராது.

மீன் வாங்கும்போது தொட்டியில் பிறந்ததா என்று கேளுங்கள். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையங்கள் கோமாளி மீன் இனப்பெருக்கத்தைப் பல வருடங்களாகச் செய்துவருகின்றன. குஞ்சு பொரித்த மீன் கடலில் பிடித்ததைவிட நன்றாகச் சாப்பிடும், நோயும் குறைவு. கொளத்தூரிலோ வேறெங்கோ வாங்கினாலும் கடைக்காரரைத் தீனி போடச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மீனுக்கு ஒன்றுமில்லை, நத்தையும் இறாலும் மட்டும் சாகின்றன

வாங்கி வந்த ஓரிரு நாளில் என்றால் உப்பளவு மாற்றம். கடைகளில் பல சமயம் 1.020-ல் வைத்திருப்பார்கள்; உங்கள் தொட்டி 1.025. மீன் சமாளிக்கும், நத்தையால் முடியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்குங்கள். ஊர் விட்டு ஊர் பார்சலில் வந்த மீனுக்கு இதே முறை ஆபத்து: பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறும், அதுவரை அடங்கியிருந்த அமோனியா நஞ்சாகும். அதற்கு உப்பைச் சமமாக்கி வைத்த தண்ணீரில் நேராக விட்டுவிடுவது மேல்.

பல வாரம் நன்றாக இருந்தவை திடீரென்று சாகின்றன என்றால் அறையைப் பாருங்கள். கொசு விரட்டித் திரவம், கொசுவத்தி, கரப்பான் ஸ்ப்ரே. இவற்றில் உள்ள பைரெத்ராய்டு வகை மருந்துகள் இறால் வகைக்குக் கொடிய விஷம். ஸ்கிம்மரும் (அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) ஏர் பம்ப்பும் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீரில் கலக்கின்றன. தொட்டி இருக்கும் அறையில் கொசு வலைதான். காரணம் அதுவும் இல்லையென்றால் பித்தளை வால்வு, பித்தளை இணைப்பு ஏதாவது தண்ணீர் வரும் வழியில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பவளம் விரியவில்லை, அல்லது நிறம் மாறுகிறது

லெதர் பவளம் சுருங்கி, மேலே மெழுகு பூசியது போல இருந்தால் விட்டுவிடுங்கள். பழைய தோலை உரிக்கிறது. ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். நீரோட்டம் கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் உதிரும்.

வெளுப்பு என்றால் சூடோ அதிக வெளிச்சமோ. புது எல்.இ.டி. விளக்கை முழு வேகத்தில் எரிப்பது வழக்கமான தப்பு. 30–40 சதவீதத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள், புதுப் பவளத்தைக் கீழே மணலில் வைத்துத் தொடங்குங்கள். ஸோவாந்திட் (பூப் போலக் கூட்டமாக வளரும் பவள வகை உயிரி) நீண்டு நீண்டு எட்டிப் பார்த்தால் வெளிச்சம் போதவில்லை. நிறம் மங்கிப் பழுப்பானால் வெளிச்சக் குறைவு அல்லது நைட்ரேட் மிகுதி. ஒரே இடத்தில் மட்டும் மூடியிருந்தால், இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏதாவது புழுவோ நத்தையோ அதன்மேல் உட்கார்ந்திருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் மூடியிருந்தால் காரத்தன்மையின் ஆட்டம். தொட்டியில் 7.5, நீங்கள் வாங்கிய உப்போ 11.5. கால்வாசித் தண்ணீரை மாற்றினால் ஒரே நாளில் 1 டி.கே.எச். எகிறும். பத்து சதவீதமாக வாராவாரம் மாற்றினால் போதும். மென்பவளத் தொட்டிக்குக் கால்சியம், அயோடின் என்று எதையும் தனியாக ஊற்றத் தேவையில்லை.

ஸோவாந்திட் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. கையுறை போடுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்க வைக்கவே கூடாது. ஆவியை முகர்ந்து மருத்துவமனைக்குப் போன குடும்பங்கள் உண்டு.

கல் பவளங்களைப் பற்றி இங்கே ஏன் சொல்லவில்லை என்றால், 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளங்கள் அனைத்தும் இருக்கின்றன. கறுப்புப் பவளம், தீப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் கூடத்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986-ல் தேசியப் பூங்கா அமைத்ததே அந்தப் பவளத்துக்காகத்தான். கடலிலிருந்து பெயர்த்த 'லைவ் ராக்' என்று யாராவது விற்றால் அதுவும் பவளப்பாறைதான். உலர்ந்த செயற்கைக் கல்லே போதும்.

கல்லில் சின்னப் பழுப்புக் குடை போல ஏதோ முளைத்திருக்கிறது

ஐப்டேசியா, கடற்சாமந்தி வகை. வெட்டாதீர்கள், சுரண்டாதீர்கள். விட்டுப்போன துண்டிலிருந்து இன்னும் நான்கு முளைக்கும். சுண்ணாம்புப் பசையை ஊசியில் எடுத்து, பம்ப்பை நிறுத்தி, வாயிலேயே விடுங்கள். ஒன்று தெரிந்த அன்றே செய்தால் சுலபம்.

பி.எச். 7.8-ஐத் தாண்டவில்லை, ஸ்கிம்மர் பொங்குகிறது

பி.எச். ஏற்றும் பொடி வேண்டாம். மூடிய ஏ.சி. அறையில் நாம் விடும் மூச்சே காரணம். ஜன்னலை ஒரு மணி நேரம் திறந்து வைத்துவிட்டு அளந்து பாருங்கள். 7.8-லும் மென்பவளம் வாழும். புது ஸ்கிம்மர் முதல் ஒன்றிரண்டு வாரம் பொங்குவதும் ஒன்றும் சேர்க்காமல் இருப்பதும் சகஜம். பழகிய ஸ்கிம்மர் திடீரென்று பொங்கினால் யாரோ சோப்புக் கையை விட்டிருப்பார்கள், அல்லது ஏதோ மருந்து விழுந்திருக்கும்.

கரண்ட் போனதும் தரையெல்லாம் தண்ணீர்

சம்ப் உள்ள தொட்டியில் பம்ப் நின்றதும் மேலிருக்கும் தண்ணீர் ரிட்டர்ன் குழாய் வழியாகவே திரும்பிக் கீழே வழியும். ரிட்டர்ன் குழாயின் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே வையுங்கள். மட்டத்தை ஒட்டி ஒரு சின்னத் துளையும் போடுங்கள். காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். அந்தத் துளையைப் பாசி அடைக்கும் என்பதால் மாதம் ஒருமுறை குத்திவிடுங்கள். நீங்களே பம்ப்பை நிறுத்திப் பாருங்கள். சம்ப் நிரம்பாமல் நிற்கும் அளவுதான் இனி அதன் அதிகபட்சக் கோடு. இன்வெர்ட்டரில் போட வேண்டியது ஒரு வேவ் மேக்கர் மட்டும். விளக்கும் ஸ்கிம்மரும் காத்திருக்கலாம். இன்வெர்ட்டர் இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் கட்டாயம்.

தண்ணீரில் கை வைத்தால் சுர்ரென்று இழுக்கிறது

கையை எடுத்துவிட்டு மெயினை அணையுங்கள். ஈரக் கையால் பிளக்கைப் பிடுங்காதீர்கள். அப்புறம் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாகத் துடைத்து மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் விரிசல் விட்ட ஹீட்டர் கண்ணாடியோ, உப்பு பூத்த பம்ப் வயரோ. எதை மாட்டும்போது ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டை அணைக்கும் சுவிட்ச்) விழுகிறதோ அதைத் தூக்கிப் போடுங்கள், ஒட்டிப் பயன்படுத்த வேண்டாம். ஆர்.சி.சி.பி. இல்லாத பழைய வீடு என்றால், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் போட்ட பிறகுதான் தொட்டியை மறுபடி ஓட்ட வேண்டும். வயர்கள் பிளக் பாயின்ட்டுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலேறட்டும். வழிகிற நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சுவருக்குப் போகாது.